பொறவு பாப்போம்

வேன் டிரைவர் சூசை அண்ணாச்சி இன்னும் வெளியே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது இசக்கிராஜுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கண்ணாடிக் கதவின் நடுவில் மங்கலான தாள் ஒட்டியிருப்பதால் ஆள் தெரியமாட்டார், கால்கள் மட்டும் தெரியும், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிய கால்கள், ஏன் கழற்றினார், இது என்ன கோயிலா, வண்ணார்பேட்டையில் டைல்ஸ் கடைக்கு மாடியில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு ஏ.சி.யும் இருக்கிற இடம், இதற்குப் போய் யாராவது செருப்பைக் கழற்றுவார்களா. ஆபீஸை நடத்துகிற ஹமீது சார்தான் அவரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரச்சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து மேடம் வருவாங்க, அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க என்று சொல்லி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். சாயங்காலம் வருகிற மேடத்துக்கு மத்தியானமே எதற்கு ஆளை வரவழைக்க வேண்டும், உட்கார உட்காரக் குற்றம் அவர் மேல் படியட்டும் என்றா, சேச்சே, ஹமீது சார் அப்படி யோசிக்கிற ஆளில்லை, அவருக்குப் பதற்றம், அவ்வளவுதான், பதற்றத்தில் எல்லாரையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். இசக்கியிடமும் வந்து தோளில் கை வைத்து, "நம்ம பக்கம் ஒண்ணும் இல்லேன்னு ஒரு தடவ பாத்து உறுதி பண்ணிருங்க இசக்கி" என்றார். ஒன்றும் இல்லை என்று பார். என்ன இருக்கிறது என்று பார் என்று சொல்லவில்லை. இசக்கியும் சரி சார் என்றுதான் சொன்னான், அந்தச் சரி நாக்கில் சாப்பாட்டுப் பருக்கை மாதிரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான், யாரிடமும் இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேன்கள் ஓடுகின்றன, எந்த வேன் யாரைக் கூட்டிவர வேண்டும் என்று முடிவு செய்து டிரைவரின் போனுக்குச் செய்தி அனுப்புவது இந்த ஆபீஸில் எழுதிய கம்ப்யூட்டர் நிரல், எழுதியவன் இசக்கிராஜ், கொஞ்சம் கூட வேலைசெய்கிற பெனிட்டா. செவ்வாய் மத்தியானம் கோமதிநாயகம் என்கிற பெரியவர் பேட்டையில் ரைஸ்மில்லுக்கு எதிரே வேனுக்காக வெயிலில் நின்றார். வேன் வரவில்லை. நின்று நின்று கீழே விழுந்து தலையில் அடிபட்டு, இரத்தத்தில் உப்பெல்லாம் ஏறிப்போய், இப்போது தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். சூசையின் போனுக்குச் செய்தி அனுப்பப்பட்டது என்று திரையில் பச்சை நிறத்தில் இருக்கிறது. வரவே இல்லை என்கிறார் சூசை. பச்சை நிறத்தில் இருப்பதை நம்புவார்களா, வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பவரை நம்புவார்களா. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கட்டடத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அனுப்ப வேண்டிய வரிசையில் சேர்த்தவுடனே அனுப்பியாயிற்று என்று எழுதிவிடும்படி அவன்தான் எழுதினான், எப்படியும் அடுத்த நொடி போய்விடுமே, எதற்கு இரண்டு வேலை என்று. அந்த அடுத்த நொடி வருவதற்குள் நிரலே செத்துப்போனால் வரிசையும் அதோடு செத்துப்போகும், பச்சை மட்டும் உயிரோடு இருக்கும். அதை யோசிக்கவில்லையா நீ. யோசித்தான். அப்படியெல்லாம் சாகாது என்று யோசித்தான்.

செத்தது. மெமரி நிரம்பிச் செத்தது. இப்போது செவ்வாய்க்கிழமையின் பயணங்களை எல்லாம் தன் கம்ப்யூட்டரில் நிரலின் ஒரு நகலுக்கு மறுபடி ஊட்டி, திரையோரத்தில் மெமரியைக் காட்டுகிற கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஏறுகிறது, ஏறுகிறது, ஆளை இறக்கிவிட்ட பிறகு இறங்க வேண்டிய கோடு இறங்கவே இல்லை. நிரல் எழுதிய பைத்தான் மொழியில் எதையும் நாமாகத் துடைத்துப்போட வேண்டியதில்லை, ஒரு பொருளை யாராவது பிடித்திருக்கிற வரைக்கும் அது இருக்கும், கடைசிப் பிடி விட்டதும் தானாகப் போய் இடத்தைக் காலி செய்துவிடும், பெனிட்டா சேர்ந்த புதிதில் அவளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தான், அவள் உடனே, அப்ப யாரோ ஒருத்தர் மறந்துபோய்ப் பிடிச்சுக்கிட்டே இருந்தா என்று கேட்டாள், அப்ப போகாது, அதைத்தான் தேடணும், அது பெரிய தலைவலி என்று சிரித்தான். சிரித்தான். இப்போது ரோட்டில் ஓடுகிற பயணங்கள் எத்தனை என்று நிரலைக் கேட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு சொல்ல வேண்டும், அது செவ்வாய்க்கிழமை முழுவதையும் சொல்கிறது, காலையில் போய்ச் சேர்ந்தவர்கள், மத்தியானம் வீடு திரும்பினவர்கள், ஒருத்தரையும் விடாமல். திங்கட்கிழமை கோயில் கொடை லீவு, அதனால் இரண்டு நாள் கூட்டமும் செவ்வாயிலேயே விழுந்தது, மற்ற நாளில் சாயங்காலம் வரை தாங்கியிருக்கும். மற்ற நாளில் தாங்கும் என்று உனக்கு எப்படித் தெரியும். தெரியும் என்கிற இடத்துக்கு வந்ததும் மனம் வண்டியின் சக்கரம் குழியில் இறங்கியது மாதிரி ஒரு குலுங்கு குலுங்கி வேறு பக்கம் ஓடிவிடுகிறது. முதலில் இதைக் கண்டுபிடி. யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடி. மற்றதெல்லாம் அப்புறம்.

பெனிட்டாவாக இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அந்த ஆசை வந்துபோனதை அவனே பார்த்தான், பக்கத்து இலையை எட்டிப் பார்க்கிற மாதிரி. முகவரிகளையும் ரோடுகளையும் சேமித்துவைக்கிற பகுதி அவள் எழுதியது, இப்படிச் சேமிக்கிற இடங்களில்தான் வழக்கமாகப் பிடி மிச்சமிருக்கும், எல்லாருக்கும் தெரிந்த விஷயம், முதலில் அங்கே பார்ப்பதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். பிரசவ லீவில் இருக்கிறாள். போன வாரம்தான் குழந்தையின் படம் அனுப்பினாள், மஞ்சள் துணியில் சுற்றி, கண் திறக்காமல், அவன் பதிலுக்கு ஒரு இதயம் போட்டான், இப்போது அதே விரல்களால் அவள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறான், இருக்கணுமே, இங்கே இருக்கணுமே. இல்லை. எவ்வளவு சேரலாம் என்று அளவு வைத்திருக்கிறாள், அளவு தாண்டினால் பழையது போய்விடும்படி எழுதியிருக்கிறாள், கீழே குறிப்பு வேறு, இசக்கி அண்ணன் சொன்னபடி என்று. வந்தது ஏமாற்றம்தான், வேறு பெயரே இல்லை அதற்கு. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவள் தலையில் இறக்கிவைக்க ஒரு மூட்டையோடு ஓடி, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறான். ஹமீது சார் அறையில் போன் அடித்தது. இசக்கியின் கை விசைப்பலகை மேலேயே நின்றது. அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம் பெரியவர் போய்விட்டார் என்றுதான் முதலில் கேட்கிறது, அப்புறம்தான் மணிச்சத்தமாகக் கேட்கிறது. ஹமீது சார் இன்டர்நெட்காரனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இன்டர்நெட்காரன் நன்றாக இருக்கட்டும்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்துதான் ஆக வேண்டும், குடம் அங்கேதான் இருக்கிறது. கதவைத் திறந்ததும் சூசை எழுந்துவிட்டார். இருங்கண்ணாச்சி, உக்காருங்க என்று இவன் சொல்ல, அவர் பாதி உட்கார்ந்து பாதி நின்றபடி, "தம்பி, ஒரு சந்தேகம். மெசேஜ் அனுப்பிச்சா என் போன்ல டிங்குனு ஒரு சத்தம் வரும்லா? அன்னைக்கு வரலியே" என்றார். "பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி." "பாருங்க, பாருங்க. என் போனு பழசு வேற, மவ குடுத்தது. அதுலதான் கோளாறோ என்னமோ. நீங்க ஒருவாட்டி பாருங்களேன்." போனை நீட்டினார். பின்பக்கம் ரப்பர் பேண்டு போட்டு ஒரு வேளாங்கண்ணி மாதா படம். இசக்கி அதை வாங்கினான். வாங்காமல் இருந்திருக்கலாம். இதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவன் திரையைத் தேய்த்தான், அமைப்புகளுக்குள் போனான், எதையோ திறந்தான், மூடினான், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துவிட்டு எங்கோ பார்ப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். சத்தம் முக்கால்வாசிக்கு இருந்தது. முக்கால்வாசி தாராளமாகக் கேட்கும், என்ஜின் ஓடினாலும் கேட்கும். "சவுண்டு கொஞ்சம் கம்மியா வச்சிருக்கீய அண்ணாச்சி" என்றது ஒரு வாய். யாருடைய வாய். சூசை போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்படியா. நான் தொடலியே. பேரப்புள்ள எதும் தொட்டிருப்பானோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், சொல்லச் சொல்லவே அந்த முகத்தில் ஒரு நிழல் இறங்கி உட்கார்ந்ததை இசக்கி பார்த்தான், பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்தான், டம்ளர் நிரம்பி வழிந்து கால்சட்டை நனைந்தது. ஏன் சொன்னே. ஏம்லே சொன்னே. ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது, யோசிக்காமல் வருவதுதானே உண்மையில் இருக்கிற ஆள். திரும்பப் போய், இல்லண்ணாச்சி, சவுண்டு சரியாத்தான் இருக்கு என்று சொல்ல நாலு எட்டு வைத்தால் போதும், நாற்காலி அங்கேதான் இருக்கிறது, ஆள் அங்கேதான் இருக்கிறார். அவன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

பிடித்திருப்பவை எவை எவை என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்க வழி இருக்கிறது. எதைக் காட்டுவது. வரிசையில் கோமதிநாயகம் என்ற பெயர் வந்தது, பக்கத்தில் குறிப்பு, கண் மங்கல், ஹாரன் அடிக்கவும், அவன் அவசரமாகத் தாண்டிப்போய் வேறு யாரோ ஒரு அம்மாளின் பயணத்தை எடுத்தான். கேட்டான். மூன்று பிடிகள் என்றது. முதல் பிடி யார் என்று பார்த்தால் அவனேதான். திரையில் கடைசியாகக் காட்டிய பதிலை அவன் கேள்விகளைத் தட்டுகிற கட்டளைச் சாளரம் தன் பங்குக்கு ஒரு பெயரில் பிடித்துவைத்துக்கொள்ளும், தேடுவதற்காக எடுத்துப் பார்த்ததாலேயே ஒரு பிடி. அதை விடுவித்தான். இரண்டாவது, எண்ணிப் பார்ப்பதற்காக அவன் செய்த பட்டியல், அதுவும் அவனே. விடுவித்தான். மூன்றாவது விடவில்லை. அது ஒரு செயற்கூறின் சட்டகம், அதாவது எப்போதோ ஓடி முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலை, முடிகிற நேரத்தில் தன் கையிலிருந்த எல்லாவற்றையும், பெயர், போன் நம்பர், ரோடு, வண்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு உறைந்து நிற்கிறது. எது இதை நிறுத்திவைத்திருக்கிறது. ஒரு பிழை. ஒரு பிழை நேர்ந்தால் அது நேர்ந்த இடத்தின் தடத்தையும் தன்னோடு வைத்திருக்கும், எங்கே தடுக்கியது என்று பிறகு சொல்வதற்காக, அந்தத் தடம் சட்டகத்தைப் பிடிக்கும், சட்டகம் பயணத்தைப் பிடிக்கும். சரி, அந்தப் பிழையை யார் பிடித்திருக்கிறார்கள். எழுதிக்கேட்டான்.

பொறவு பாப்போம். ஒரு பட்டியலின் பெயர். ஆங்கில எழுத்தில் திருநெல்வேலித் தமிழ், இந்த ஆபீஸில் வேறு யாரும் இப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். அந்தச் சாயங்காலம் முழுசாக ஞாபகம் வந்தது, வரைபடச் சேவை அடிக்கடி மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, தூரம் கேட்டால் பிழை, மறுபடி கேட்டால் சரியாகிவிடும், என்ன காரணம் என்று உட்கார்ந்து பார்க்கத்தான் நினைத்தான், அப்போது மனைவி வடிவு போன் பண்ணி, பாப்பாவ நாட்டியத்துக்கு மேக்கப் போட்டு நிக்க வச்சிருக்காவ, உங்களைத்தான் தேடுதா, எங்க இருக்கீய என்றாள், இந்தா வந்துட்டேன் என்று எழுந்தவன், நின்றபடியே ஒரு வரி எழுதினான், பிழை வந்தால் இந்தப் பட்டியலில் போட்டுவை, பொறவு பாப்போம். பாப்பா ஆடினாள். அவன் கைதட்டினான். அதன் பிறகு பார்க்கவில்லை. வரைபடச் சேவை தடுமாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிழை, ஒவ்வொரு பிழையோடும் ஒரு ஆள், முழுப் பயணம், விடாமல், குழந்தையின் நாட்டியத்தன்று எழுதிய ஒரு வரி. அந்த வரியை எடுத்தான். நகலை மறுபடி ஓடவிட்டான். கோடு ஏறியது, ஏறி, ஆட்கள் இறங்க இறங்கத் தணிந்தது, ஏறித் தணிந்து ஏறித் தணிந்து தூங்குகிற ஆளின் வயிறு மாதிரி. இவ்வளவுதான். இவ்வளவுதானா. சந்தோஷப்பட ஒரு கணம் இருந்தது, அவன் அதை எடுத்துக்கொண்டான், இத்தனை நாளாகத் தேடினவன் கண்டுபிடித்துவிட்டால் வருமே அந்தச் சந்தோஷம், அது வந்தது, வந்ததைத் தடுக்க முடியவில்லை. பிறகுதான், இத்தனை நாளாகவா என்று உள்ளே ஒருத்தன் கேட்டான்.

இத்தனை நாளாக எங்கே தேடினாய். தேடவே இல்லை. கோடைக்கு முன்னாலேயே ஒருநாள் நிரல் செத்தது, மெமரிதான் என்று பார்த்த உடனே தெரிந்தது, உட்கார்ந்து தேட இரண்டு நாள் ஆகும், ஹமீது சாரிடம் சொன்னால் ஏன் எப்படி என்பார், அதனால் தினம் விடிகாலையில் நிரல் தானாக நின்று புதிதாகத் தொடங்கும்படி ஏற்பாடு செய்துவிட்டான், தினமும் கழுவிவிட்டால் நிரம்பாதல்லவா, யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது. அப்படியும் நடுவில் செத்தால் தானாக மறுபடி தொடங்கி, தன் போனுக்கு மட்டும் ஒரு தகவல் வரும்படி வைத்திருந்தான். செவ்வாய் மத்தியானம் வந்தது. அதுதான் அந்தக் குழி, மனம் மத்தியானத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தாண்டிப்போன குழி. இந்த மேஜையில்தான், தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் தொட்டுக்கொண்டிருந்தான், போன் அதிர்ந்தது, நின்றது, மீண்டும் தொடங்கியது என்று ஒரு வரி, சாப்பிடாத கையின் கட்டைவிரலால் அதைத் தள்ளிவிட்டான். எவ்வளவு சின்ன அசைவு. ஈயை விரட்டுகிற மாதிரி. வரிசையில் இருந்த செய்திகள் என்ன ஆயிற்று என்று ஒரு கணம், ஒரே கணம், தோன்றியது, அவனால் சத்தியம் செய்ய முடியும், தோன்றியது, சாப்பிட்டுவிட்டுப் பார்ப்போம் என்று இன்னொரு வாய் வைத்தான். அந்த வாய் உள்ளே இறங்கியபோது கண் மங்கலான ஒருத்தர் ரைஸ்மில்லுக்கு எதிரே ஹாரன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பார், போகிற ஒவ்வொரு ஹாரனும் நமக்கோ நமக்கோ என்று. ஒரு பக்கம் நிழல் இருந்திருக்குமா. நிழலில் நின்றால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது என்று வெயிலில் வந்து நின்றிருப்பார்.

ஹமீது சார் அறைக்குள்ளிருந்து ஏதோ சத்தமாகச் சொன்னார், பிறகு கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு, "கண்ணு முழிச்சிட்டாராம்! மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்! அல்லா காப்பாத்திட்டான் இசக்கி" என்றார். வெளியிலிருந்து, மாதாவே, என்று சூசையின் குரல் கேட்டது. இசக்கிக்கும் கண் நிறைந்தது, நல்லவேளை, நல்லவேளை என்று உள்ளே ஓடியது, அந்த நல்லவேளையின் அடியிலேயே இன்னொரு நல்லவேளை வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது, பிழைத்துவிட்டார், இனி யாரும் பெரிதாகத் தோண்டமாட்டார்கள், ஒரு வரிதான், எடுத்தாயிற்று. பெரியவர் உயிர் பிழைத்ததில் இவன் எதைச் சேமிக்கிறான் பார். எழுந்து ஹமீது சார் அறைக்குள் போனான், இப்போது போகாவிட்டால் போகவே மாட்டோம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. "சார், தப்பு நம்ம பக்கம்தான். நான் எழுதுன ஒரு வரி. மெமரி நிரம்பி நின்னுபோச்சு. சூசை அண்ணாச்சிக்கு மெசேஜ் போகவே இல்ல." ஹமீது சார் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் ஆள் இல்லாத நாற்காலி மாதிரி அப்படியே இருந்தது. "கதவ மூடுங்க" என்றார். மூடினான். "அந்த வரிய எடுத்திட்டீங்களா?" "எடுத்திட்டேன்." "இனி வராதுல்ல?" "வராது." "அப்ப விடுங்க. இங்க பாருங்க இசக்கி, இந்த ஆஸ்பத்திரி வேலை போச்சுன்னா நம்ம கிட்ட வேற வேலை இல்ல. பெனிட்டா லீவுல இருக்கு, திரும்பி வர்றதுக்கு ஆபீஸ் இருக்கணுமா வேண்டாமா? சூசைய ஒண்ணும் தூக்கில போட்டுர மாட்டாங்க. ஸ்கூல் வண்டிக்கு மாத்துவாங்க. நானே சொல்லி மாத்தித் தர்றேன்." கெட்ட மனிதர் இல்லை, கெஞ்சுகிறார், நெற்றியில் வியர்வை, இவரைக் குறைசொல்ல இவனுக்கு என்ன இருக்கிறது, இவரிடமே முழுசாகவா சொன்னான், வரியைச் சொன்னான், கட்டைவிரலைச் சொல்லவில்லை. சரி சார் என்றான். மறுபடியும் சரி.

மேடம் வந்தபோது மஞ்சள் வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் ஏறியிருந்தது. மீனலோசனி என்று பெயர், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருப்பவர், அலுத்துப்போன கண்கள், மூன்று நாளாக அந்தப் பெரியவரின் மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர். சூசை உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "மெசேஜ் வந்துச்சா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்றார் மேடம். "வரல மேடம். வந்திருந்தா பாத்திருப்பேன்னுதான் நெனச்சேன். ஆனா போன்ல சவுண்டு கம்மியா வச்சிருந்திருக்கேன். இந்தத் தம்பிதான் பாத்துச் சொன்னாவ. அதனால வந்தும் கேக்காம இருந்திருக்கலாம்." இசக்கி தரையைப் பார்த்தான். தரையில் டைல்ஸ், டைல்ஸ் கடைக்கு மாடி. சூசை நிறுத்தவில்லை, மத்தியானம் பூராவும் இதைத்தான் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். "மெசேஜ விடுங்க மேடம். செவ்வாக்கிழமைன்னா பெரியவரு அங்க நிப்பாவன்னு எனக்குத் தெரியும்லா. எத்தன செவ்வாக்கிழமை ஏத்தியிருக்கேன். முன்னால ஒருவாட்டி மெசேஜ் வராமலே போயி நின்னேன், அன்னைக்கு அவிய வரல, சும்மா வண்டி ஓட்டிட்டேன்னு என்னைய ஏசினாவ. அந்த நெனப்புல, மெசேஜ் வரட்டும், வரட்டும்னு டீக்கடையிலயே உக்காந்திருந்தேன். எட்டிப் பாத்திருந்தா ஆச்சு. நான் போவல. தப்பு என் பேர்லதான்." சொல்லி முடித்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் தொடையில் வைத்துத் தேய்த்தார். ஹமீது சார் ஜன்னலைப் பார்த்தார். மேடம் எதையோ எழுதப்போனார். எழுதி முடித்தால் முடிந்தது, ஸ்கூல் வண்டி, காலையில் பிள்ளைகள் ஏறும், அங்கிள் அங்கிள் என்பார்கள், இவருக்கும் அது கஷ்டமில்லாத வேலைதான், வயதும் ஆகிறது, என்று மனம் சூசைக்கு ஒரு நல்ல வாழ்க்கையை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டே போனது, செங்கல் செங்கலாக, அதில் அவர் தன்னைத்தானே நம்பாமல் ராத்திரியில் போனை எடுத்துச் சத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறையே இல்லை.

"சவுண்டு கம்மியா இல்ல" என்றான் இசக்கி. எல்லாரும் திரும்பினார்கள். "சவுண்டு சரியாத்தான் இருந்துச்சு. நான் சும்மா சொன்னேன். மெசேஜ் போகவே இல்ல மேடம். எங்க நிரல் நின்னுபோச்சு, போக வேண்டிய மெசேஜெல்லாம் அதோட போயிருச்சு. போயிட்டதா காட்டுறது பொய்." இசக்கி, என்று ஹமீது சார் மெதுவாகக் கூப்பிட்டார், ஒரே ஒரு தடவை. மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" இன்று மத்தியானம்தான் கண்டுபிடித்தேன் என்பது பதில். உண்மையும்கூட. அந்த வரியை, அந்தப் பட்டியலை, அந்தப் பிடியை, எல்லாம் இன்று மத்தியானம்தான். அந்த உண்மைக்குள் வசதியாகப் படுத்துக்கொள்ளலாம், போர்வை கால் வரை வரும். வாய் அதற்காகத்தான் திறந்தது. "செவ்வாக்கிழமையே தெரியும்" என்றது வாய். "நின்னுபோச்சுன்னு என் போனுக்கு வந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். பாக்கல. அதுக்கு முன்னாலயும் தெரியும், கோடைக்கு முன்னாலயே. நின்னா தானா ஓடுற மாதிரி வச்சுட்டு யார்ட்டயும் சொல்லல. சாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, ஒன்றும் இறங்கவில்லை, மேஜையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தது போல் இருந்தது, அவ்வளவுதான். மேடம் ஹமீது சாரைப் பார்க்க, ஹமீது சார் இரண்டு கையாலும் முகத்தை மூடித் திறந்தார். ஆஸ்பத்திரியில பெரியவரோட மகள் இருக்கு, நீங்களே வந்து சொல்லுங்க என்றார் மேடம். வர்றேன் என்றான். சூசை மட்டும் கேட்டதை ஒருதடவை முழுசாக உள்ளே வாங்கி, அதன் எடையைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். இனி அவர் கையைப் பிடித்துக்கொள்வார், இல்லை திட்டுவார், இரண்டுக்கும் இசக்கி தயாராகத்தான் இருந்தான்.

"எல்லாந் தெரிஞ்சிருக்கு" என்றார் சூசை. "அப்ப என்னைய எதுக்கு தம்பி மத்தியானம் பூரா வெளிய உக்கார வச்சிருந்தீய?"

குரல் உயரவில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும் என்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.